மகுதூமுக்கு வைத்த தட்டு

மடத்துக்கு வரும்போது ஆவுடையப்ப பிள்ளை ஒரு சீப்பு வாழைப்பழமோ கொஞ்சம் அரிசியோ கொண்டுவருவார். அன்று அவர் கையில் துண்டில் சுற்றிய ஒரு தட்டு மட்டும் இருந்தது.

ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருந்த சிறிய மடம் அது. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, தண்ணீருக்கு இறங்கப் படிகள். அங்கே இருந்த சாமிக்குப் பிள்ளையின் மூத்த மகன் வயதுதான் இருக்கும். தூத்துக்குடியில் பெரிய பீங்கான் கடை வைத்திருந்த மனிதர், கடையை மகனிடம் விட்டுவிட்டு, மகன் வயதுள்ள ஒருவரைக் குரு என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறிப் போவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். பிள்ளை அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் சாமி என்பார். சாமி அவரை அண்ணாச்சி என்பார்.

சாமி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பழம் இல்லையா?"

"இல்ல சாமி. ஒரு கேள்விதான் இருக்கு."

"கேள்வியத் தாளிச்சு எறக்க முடியாதே" என்றார் சமையல்கட்டிலிருந்து உலகு. மடத்தில் சமையல் அவர் பொறுப்பு. ஓட்டைவாய்.

பிள்ளை சிரிக்கவில்லை. சாமிக்கு எதிரே உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார்.

வெள்ளைத் தட்டு. விளிம்பைச் சுற்றி மெல்லிய நீலக்கோடு. நடுவில் ஒரு ரோஜாப்பூ, இரண்டு இலை. பிள்ளை பழக்கத்தில் அதைப் புரட்டி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். பிறகு விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். நின்று ஒலித்தது.

"கீறல் இல்ல" என்றார், யாரும் கேட்காமலே.

"யாரு தட்டு இது?"

"மகுதூமு தட்டு."

மகுதூமைப் பற்றிச் சாமி கேள்விப்பட்டிருந்தார். காயல்பட்டணத்துக்காரர். பிள்ளையோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பிறகு வியாபாரத்துக்குப் போய்விட்டார். எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும் தூத்துக்குடியில் இறங்கிப் பிள்ளை வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் தன் ஊருக்கு வண்டி ஏறுவார்.

"இப்ப அவன் படுக்கையோட கெடக்கான் சாமி. நேத்து அவன் மருமகன் கடைக்கு வந்திருந்தான். பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க."

"நல்ல சேதிதானே."

"மருமகன் சொன்னான். 'மாமாவுக்கு ஒரே ஒரு ஆசை. உங்க வீட்டுல அவங்களுக்குன்னே ஒரு பூத்தட்டு வச்சிருந்தீங்களாம். வேற யாருக்கும் அதுல சோறு போட மாட்டீங்களாம். அதப் பேத்திக்குக் குடுக்கணுமாம். முடிஞ்சா நீங்களே நேர்ல கொண்டாந்து தரணுமாம்' அப்படின்னான்."

"குடுக்க வேண்டியதுதானே?"

"குடுக்கலாம்." பிள்ளை தட்டின் விளிம்பைத் தடவினார். "ஆனா, எதுக்காக அந்தத் தட்ட அவனுக்குன்னு வச்சிருந்தோம்னு அவனுக்குத் தெரியாது சாமி."

சாமி ஒரு கீரைத்தண்டை ஒடித்தார்.

"முதல்ல தட்டைப் பத்திச் சொல்லுங்க. பீங்கான்னா எல்லாம் ஒண்ணுதானே?"

பிள்ளையின் முதுகு நிமிர்ந்தது. வாழ்நாள் முழுவதும் கல்லாவுக்கு முன்னால் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் அவர்.

"யாரு சொன்னா? முதல்ல வெறும் மண்ணு. சூளையில சுட்ட மண்தட்டு தண்ணிய உறிஞ்சும். கொழம்பு ஊத்தினா கொழம்பையும் உறிஞ்சும். அது மேல கண்ணாடிப் பூச்சு பூசி இன்னொரு தடவ சுட்டா உறிஞ்சாது. பாக்கப் பளபளன்னு இருக்கும். ஆனா ஓரம் லேசா உடையட்டும், உள்ள மண்ணு தெரிஞ்சிரும்."

"சரி."

"அதுக்கு மேல கல்பீங்கான். நம்ம ஊறுகாய் ஜாடி இருக்குல்லா, அது. சூடு கூடக்கூட மண்ணு கல்லா இறுகிப் போகும். எவ்வளவு உப்பு, எவ்வளவு புளிப்பு போட்டாலும் அசையாது. ஆனா கனம். தினம் எடுத்துச் சாப்பிட ஆகாது."

"அண்ணாச்சி கடையைத் தெறந்துட்டாரு" என்றார் உலகு.

"நீ அரிசியப் பாருவே" என்றார் பிள்ளை. "அதுக்கும் மேல சீனப் பீங்கான். அந்த வெள்ள மண்ணையும் அதுக்கு வேண்டிய சூட்டையும் முதல்ல கண்டுபிடிச்சவன் சீனாக்காரன். கப்பல் கப்பலா வெளிய போச்சு. சீமையில ராசாக்கள் அத அலமாரியில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம். அந்த மண்ணோட சூட்சுமம் தெரியாம அவங்க ரொம்ப காலம் தவிச்சாங்க. கண்ணாடியப் பொடிச்சுக் கலந்து பாத்தாங்க. என்னென்னமோ செஞ்சாங்க. கடைசியில புடிச்சுட்டாங்க. அதுக்குப் பெறகு இங்கிலீஷ்காரன் ஒண்ணு செஞ்சான்."

"என்ன செஞ்சான்?"

"மாட்டெலும்ப எரிச்சு, அந்தச் சாம்பல மண்ணோட சேத்துப் பெசஞ்சான்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாமியின் கை ஒரு கணம் நின்றது.

"அதுதான் எல்லாத்துலயும் ஒசத்தி. மெல்லிசு. ஆனா உறுதி. பால் மாதிரி ஒரு வெள்ள." பிள்ளை தட்டை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தட்டுக்குப் பின்னால் அவருடைய நான்கு விரல்களும் நிழலாகத் தெரிந்தன. "பாத்தீங்களா? இது அந்த ரகம்."

"கடையில எலும்புத் தட்டுன்னு சொல்லியா வித்தீங்க?"

"சொன்னா நம்ம பக்கம் யாரு வாங்குவா? போன் சைனான்னு சொல்லுவோம். கேட்டவங்க ரெண்டா வாங்கிட்டுப் போவாங்க."

இப்போது பிள்ளையும் லேசாகச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

"எங்கப்பா காலத்துல வந்த சரக்கு இது. பெட்டியில இருந்த மத்ததெல்லாம் வழியிலயே நொறுங்கிப் போச்சு. இது ஒண்ணுதான் பொழச்சுது. கடையிலயே அழகான சாமான்னு அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தாரு. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். பூசைக்குப் பூ எடுத்து வைக்கலாம்னு சொன்னா. ரெண்டு நாள் கழிச்சு அப்பா பேச்சுவாக்குல எலும்புச் சங்கதிய ஒளறிட்டாரு."

"அம்மா உடைச்சுட்டாங்களா?"

"வெலை கூடின சாமானாச்சே. கிணத்தடி மாடத்துல கொண்டுபோயி வச்சுட்டா."

சாமி அடுத்த கீரைத்தண்டை எடுத்தார். பிள்ளையே தொடர்ந்தார்.

"வெங்கலத்துக்கு ஒரு முறை இருக்கு சாமி. புளி போட்டுத் தேச்சாச் சுத்தம். வெள்ளிக்குத் தண்ணி போதும். மண்சட்டின்னாத் தூக்கி எறிஞ்சிரணும். பீங்கான் கப்பல்ல வந்தது. அதுக்கு என்ன முறைன்னு எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கல. ஒவ்வொரு வீட்டுலயும் பொம்பளைங்க தாங்களா ஒரு சட்டம் போட்டுக்கிட்டாங்க. எங்கம்மா போட்ட சட்டம், அது கிணத்தடிய விட்டு உள்ள வரக்கூடாது."

"அப்பதான் மகுதூம் வந்தாரா?"

"ஆமா. பசியோட வந்து நிக்கான். ஒரு வேளை சாப்பாடு போடணும். எங்க வீட்டு வெங்கலத் தட்ட அவன் கையில குடுக்க அம்மாவுக்கு மனசு வரல. போடாம அனுப்பவும் மனசு இல்ல. கிணத்தடித் தாழ்வாரத்துல பாயப் போட்டா. 'உள்ள புழுக்கமா இருக்கும் ராசா, இங்கன்னாக் காத்து வரும்'னா. மாடத்துல இருந்த தட்டக் கழுவி அவன் முன்னால வச்சா."

பிள்ளை தட்டைத் தரையில் வைத்தார்.

"அவன் தட்டப் பாத்தான். என்னப் பாத்தான். 'என்னவே ஆவுடை, பீங்கான் கடைக்காரன் மவன் நீ வெங்கலத்துல திங்க, எனக்கு ரோசாப்பூத் தட்டா? ஒன்ன விட என்னத்தான் ஒங்கம்மாவுக்குப் புடிச்சிருக்கு'ன்னான். ஒவ்வொரு தடவையும் இதே வெளாட்டு. 'அம்மா, இவன் இந்தத் தட்டு மேலயே கண்ணா இருக்கான், இவனுக்கு மட்டும் குடுத்துராதீங்க'ம்பான். 'குடுக்க மாட்டேன் ராசா, அது ஒனக்குத்தான், வேற யாரும் தொடமாட்டாங்க'ம்பா அம்மா."

"பொய் சொல்லலையே."

"பொய்யே இல்ல சாமி. அதான் கொடுமை."

"யாரு கழுவுவாங்க?"

"அவனே கழுவி மாடத்துல கவுத்து வச்சுட்டுப் போவான். கழுவுன்னு யாரும் சொல்லல. வேண்டாம்னும் யாரும் சொல்லல."

"நீங்க எங்க சாப்பிடுவீங்க?"

"உள்ள. அவன் எந்திரிச்சுப் போன பெறகு. அதுக்கும் கேலிதான். விருந்தாளி சாப்பிட்டாத்தான் வீட்டுக்காரன் சாப்பிடுவானோ, என்ன மரியாதடான்னு."

உலகு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தார்.

"இப்ப இதத்தான் அவன் பேத்தி கல்யாணத்துக்குக் கேக்கான். ஒண்ணும் சொல்லாமக் குடுத்தா, ஒரு பொண்ணுக்குப் பொய்யச் சீர் வச்ச மாதிரி. அது நம்பி அலமாரியில வைக்கும், நாலு பேருக்கிட்டக் காட்டும். சொல்லிக் குடுத்தா, சாகக் கெடக்கவன் இத்தன காலம் நெனச்சுச் சந்தோசப்பட்ட ஒண்ணப் பறிச்ச மாதிரி. சொல்லவா, சொல்லாம விடவா?"

"எப்படிக் குடுக்கலாம்னு இருந்தீங்க?"

"பார்சல்ல அனுப்பிரலாம்னு நெனச்சேன்."

"நேர்ல வரச் சொன்னாரே."

"மூஞ்சியப் பாத்தா என்னமாவது வாயில வந்திருமோன்னு..."

"வழியில உடைஞ்சுட்டா?"

"நான் கட்டுன பார்சல் எதுவும் இதுவரைக்கும் உடைஞ்சது இல்ல சாமி."

சாமி ஆய்ந்த கீரையைக் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்தார். தட்டையும் எடுத்துக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

மதியம் கூடத்தில் இலை போட்டார்கள். அன்று வெளியாட்கள் யாரும் இல்லை. சாமிக்கு ஓர் இலை, உலகுக்கு ஓர் இலை. பிள்ளை வழக்கமாக உட்காரும் இடத்தில் இலை இல்லை. அந்தத் தட்டு இருந்தது. அதில் சோறு போட்டு, கீரை மசியல் வைத்து, சோற்றில் குழி பறித்துக் குழம்பு ஊற்றியிருந்தார் உலகு.

"சாமி சொன்னாக" என்றார்.

பிள்ளை உட்கார்ந்தார். சோற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ரோஜாப்பூவின் ஓர் இதழ் மட்டும் குழம்புக்கு வெளியே தெரிந்தது. பிள்ளை கையை நீட்டினார். கை சோற்றுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. பிறகு அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எலும்பு சாமி" என்றார். "நான் சைவன்."

"ஆமா."

சாமி தன் முன்னால் இருந்த இலையை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

"சாமியும் சைவந்தான்" என்றார் உலகு, தன் இலையைப் பார்த்துக்கொண்டே.

பிள்ளை நாலு வாய்தான் சாப்பிட்டார். இலையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சாமி தட்டைக் கழுவ ஆற்றுக்கு இறங்கினார். பிள்ளை பின்னாலேயே படி இறங்கி வந்தார்.

"குடுங்க சாமி, நான் கழுவுதேன்."

சாமி தட்டைக் கொடுத்துவிட்டு மேல் படியில் உட்கார்ந்தார். பிள்ளை குனிந்து தட்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். ரோஜாவின் மேல் ஒட்டியிருந்த கீரையை விரலால் தேய்த்தார். நீலக்கோட்டைச் சுற்றித் தேய்த்தார். திருப்பி அடியைத் தேய்த்தார். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

"எலும்பு மட்டும் இல்ல சாமி" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"நான் கேக்கலையே அண்ணாச்சி."

"எங்கம்மாதான் காரணம்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். அவ போயிச் சேந்து எவ்வளவோ காலமாச்சு. கிணத்த மூடியாச்சு. அந்த வீட்டையும் இடிச்சுக் கட்டியாச்சு. பொண்டாட்டி புள்ள எல்லாரும் இப்ப பீங்கான்லதான் சாப்பிடுதோம். இந்தத் தட்ட மட்டும் ஒரு அட்டப்பெட்டியில தனியா வச்சிருந்தேன். ஏன்னு என்னை நானே கேட்டது இல்ல. அவன் ஞாபகமா வச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. எதிர்க்கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அவங்க வீட்டுல உங்களுக்கு எந்தத் தட்டுல போட்டாங்க?"

பிள்ளையின் கை நின்றது.

"பழம் குடுப்பாங்க" என்றார். "தோல உரிச்சுத் திங்குததுனால அதுக்குத் தோசம் இல்லன்னு நமக்குள்ள ஒரு கணக்கு. கலர் சோடா வாங்கிக் குடுப்பாங்க. மூடியத் தெறக்காம நம்ம கையில தந்துருவாங்க. நான் போனாலே கடைக்கு ஆள் ஓடும்."

"சோறு?"

"இல்ல சாமி."

"ஒரு தடவ கூட?"

பிள்ளை படியில் உட்கார்ந்தார். தட்டு மடியில் இருந்தது. வேட்டி நனைவதை அவர் கவனிக்கவில்லை.

"ஒரு நாள் மகுதூமோட உம்மா எங்க கடைக்கு வந்தாங்க. அவங்க கடைவீதிக்கெல்லாம் வர்றவங்க இல்ல. காரு வாசல்ல நின்னுது. உள்ள உக்காந்த மேனிக்கே திரையக் கொஞ்சம் ஒதுக்கிட்டுப் பேசுனாங்க. 'ஒரு தட்டு வேணும் வாப்பா, ஒண்ணே ஒண்ணு. எலும்பு கலக்காததாப் பாத்து எடு'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. 'எதுக்கும்மா? ஒங்க வீட்டுலயா எலும்பு பாக்கப் போறீங்க?'ன்னு கேட்டேன். அவங்க கோவப்படல. 'கறி மீன் புழங்காத ஒரு பிள்ளைக்கு'ன்னாங்க."

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"நல்ல சீனப் பீங்கான். ஜப்பான் சரக்கு. சும்மா சொல்லக் கூடாது, பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன். தட்டிக் காட்டினேன். அவங்க வாங்கி அவங்களும் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டாங்க. நானே வைக்கோல் சுத்திக் கட்டி காருல வச்சேன். யாரு அந்தப் பிள்ளன்னு கேக்கத் தோணல."

பிள்ளை தட்டில் இருந்த ஈரத்தை விரலால் வழித்தார்.

"பெருநாளைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். பாய் விரிச்சிருந்தாங்க. பாயில நான் கட்டிக் குடுத்த அதே தட்டு. புதுச் சட்டி வாங்கி, புறக்கடையில தனியா அடுப்புக் கூட்டி, பருப்பும் கத்திரிக்காப் புளிக்கறியும் ஆக்கியிருந்தாங்க. நெய் கூடப் புதுப் போணியில இருந்துது. உம்மா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, 'எதுலயும் ஒண்ணும் கலக்கல வாப்பா, நானே கையால செஞ்சேன்'னு சொன்னாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"விரதம்னு சொன்னேன்."

"என்ன விரதம்?"

"ஒண்ணும் இல்ல சாமி. வாயில வந்துது, சொன்னேன்."

எதிர்க்கரையில் மாடு கரையேறி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

"மகுதூமு என்ன ஒரு பார்வ பாத்தான். ஒண்ணும் சொல்லல. கேலி கூடப் பண்ணல. உம்மாதான் கேட்டாங்க. 'விரதம் என்னைக்கு வாப்பா முடியும்?' அதுக்குப் பெறகு நான் எப்பப் போனாலும் கதவுக்குப் பின்னால இருந்து அதே கேள்விதான். 'விரதம் முடிஞ்சுதா வாப்பா?' 'இன்னும் இல்லம்மா'ன்னு நான் சிரிப்பேன். அவங்களும் சிரிப்பாங்க. ஆளு பழக் கடைக்கு ஓடும். கண்ண மூடுற வரைக்கும் கேட்டாங்க சாமி. மவுத்துக்குப் போயி வீட்டு முத்தத்துல நின்னேன். அன்னைக்குத்தான் கேக்க ஆளு இல்ல."

பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமி கேட்டார்.

"தட்டுல எலும்பு கலப்பாங்கங்கிறது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"மகுதூமு சொல்லியிருப்பான்."

"அவருக்கு?"

"நாந்தான் சொன்னேன். காலேஜு படிக்கும்போதே அவன் கடைக்கு வருவான். எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் அவங்கிட்டக் காட்டணும்னு இருக்கும். போன் சைனா ஒண்ண எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, பின்னால விரலக் காட்டி, 'பாத்தியா, இதுல மாட்டெலும்பு இருக்கு, இது எங்க வீட்டு வாசப்படிக்கு உள்ள வராது'ன்னு பெருமையா..."

பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

மடியில் இருந்த தட்டை மெல்ல எடுத்தார். தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். விரல்கள் தெரிந்தன.

"கிணத்தடியில நல்ல வெயில் விழும் சாமி" என்றார். "அங்கதான் நின்னு கழுவுவான்."

பிள்ளை தட்டை மடிக்கு இறக்கினார்.

"அவனுக்குத் தெரியும்."

தண்ணீர் படியில் மோதிக்கொண்டிருந்தது.

"மொத நாளே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் சாப்பிட்டிருக்கான். தெரிஞ்சுதான் எங்கம்மாகிட்டப் போயி, இவனுக்குக் குடுத்துராதீங்கன்னு வெளாண்டிருக்கான். நான் தலை குனியக் கூடாதுன்னு வெளாண்டிருக்கான். உம்மாகிட்டப் போயி, அவங்க எலும்புல சாப்பிட மாட்டாங்க, நம்ம பாத்து வாங்கணும்னு சொல்லியிருக்கான். நான் இங்க உக்காந்து, சொல்லவா வேண்டாமான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் சாமியைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் அப்போது மிகவும் வயதானவரின் முகமாக இருந்தது.

"தெரிஞ்சவன் ஏன் சாமி இதப் போயிக் கேக்கான்?"

"தட்டை மட்டுமா கேட்டாரு?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நேரில் கொண்டுவந்து தரவேண்டும் என்று மருமகன் சொன்னதை அவர் மறந்துவிடவில்லை. பார்சல் கட்டுவதற்கு வைக்கோல்கூட எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

சாமி ஒரு படி கீழே இறங்கி வந்தார். பிள்ளையின் கையிலிருந்து தட்டை வாங்கினார். தன் காவித் துண்டால் ஈரம் போகத் துடைத்தார். பிள்ளை கொண்டுவந்த துண்டிலேயே அதைச் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. திருச்செந்தூர் போற வண்டியில ஏறினாக் காயல்பட்டணத்துல எறங்கிக்கலாம்."

பிள்ளை எழுந்திருக்கவில்லை.

"போகலாம் சாமி. நான் சொல்ல வச்சிருந்தது எல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதாப் போச்சே. உம்மாவும் இல்ல. இனி அவன் மொகத்துக்கு நேரே போயி நின்னுக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல?"

சாமி அவருக்குக் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

"பசிக்குதுன்னு சொல்லுங்க."